ஈரத்துணி இரண்டுக்குச் சான்று கிடைத்த விதம்

பேய்ப் படமாக இருந்தாலும் வாரியம் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பார்க்கும். இருட்டில் உறுப்பினர்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று எந்தக் காலத்திலோ ஒரு புகார் வந்து, அதற்காகப் போட்ட விதி அது. ஒலியையும் பாதியாகக் குறைத்துத்தான் வைப்பார்கள். பக்கத்து அறையில் கணக்குப் பிரிவு இருக்கிறது. இப்படிப் பளிச்சென்ற வெளிச்சத்தில், வசனம் பாதி கேட்டும் பாதி கேட்காமலும், நடுநடுவே தேநீரும் பிஸ்கட்டும் வந்து போக, ஒரு படம் எவ்வளவு பயங்கரமானது என்பதைத் திரைப்பட ஒழுங்குச் சான்று வாரியம் தீர்மானிக்கும்.

படத்தை எடுத்தவர் உள்ளே இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆகவே 'ஈரத்துணி' இரண்டாம் பாகத்தின் இயக்குநர் வராந்தாவில், கால் ஆடுகிற ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் பேயாக நடித்தது அவனுடைய சொந்த அக்கா. படப்பிடிப்பில் அத்தனை பேருக்கு நடுவிலும் அவள் "தம்பி, தம்பி" என்று கத்திக் கத்தி, லைட் தூக்குகிறவர் முதல் தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவன் தம்பியாகிவிட்டான்.

உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண் தும்மியது போல இருந்தது. அது தும்மல் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும், ஒரு கட்டைக் குரல் கூடச் சேர்ந்துகொள்வதும், கடைசியில் அறை முழுக்கக் கொல்லென்று சிரிப்பதும் மூடிய கதவைத் தாண்டி வந்தன. தம்பி எழுந்து நின்றுவிட்டான். கதவருகே போய்க் காது கொடுத்தான்.

படம் முடிந்ததும் செயலாளர் கதவைத் திறந்தார். "தலைவர் கூப்பிடுறார்."

"உட்காருங்க" என்றார் தலைவர். நாற்காலி எதுவும் இல்லை. உட்காரச் சொல்வது அங்கே மரபு. நாற்காலி போடுவது மரபில் வரவில்லை. தம்பி நின்றான்.

தலைவர் எடை அளவுத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இடது பக்கம் ஒரு புலவர், வலது பக்கம் பெண்களின் சார்பில் நியமிக்கப்பட்ட ஓர் அம்மையார். அம்மையாரின் கண் மை கன்னம் வரை கரைந்திருந்தது. அவர் தலை நிமிரவில்லை.

"வெளியில உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா?" என்று தலைவர் கேட்டார்.

"சிரிப்புச் சத்தம் கேட்டுது சார்."

"யாரோட சிரிப்பு?"

"தெரியல சார். எல்லாரும் சிரிச்ச மாதிரி இருந்துது."

"எல்லாரும்னு சொல்லாதீங்க. எனக்கு வந்தது இருமல்."

செயலாளர் 'இருமல்' என்று குறித்துக்கொண்டார்.

"பேய்ப் படம்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க. பொறுப்புள்ள உறுப்பினர்கள் பணி நேரத்துல சிரிச்சிருக்காங்க. இதுக்கு யார் பதில் சொல்றது?"

"சிரிக்கலாம் சார். அதுக்குத்தான் அப்படி எடுத்தோம்."

"அப்ப பயம்?"

"பயமும் இருக்கு சார்."

"எவ்வளவு?"

கையை ஒரு முழம் விரித்துக் காட்டலாமா என்றுகூடத் தம்பிக்கு ஒரு கணம் தோன்றியது.

"இங்க பாருங்க. நான் காலமெல்லாம் தராசு பார்த்தவன். ஒருத்தன் அரிசியில கல்லைக் கலந்துட்டு, 'அரிசியும் இருக்கு, கல்லும் இருக்கு சார்'னு சொன்னா விட்டுடுவேனா? ஜனங்க காசு குடுத்துப் பயப்பட வர்றாங்க. அவங்களுக்குக் கலப்படம் இல்லாத பயத்தைக் குடுக்கணும். படம் பார்த்தா எனக்குப் பிடிக்குதா பிடிக்கலையான்னு நான் யோசிக்கறதே இல்ல. அந்தப் பழக்கத்தை நான் பதவிக்கு வந்த அன்னைக்கே விட்டுட்டேன்."

புலவர் தொண்டையைச் செருமினார். "மெய்ப்பாடு எட்டு. நகை என்பது ஒன்று, அச்சம் என்பது வேறொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஓர் ஆளிடம் தோன்றுவதற்கு இலக்கணம் இல்லை."

"ஆனா உங்களுக்குத் தோணிச்சே ஐயா?" என்று தம்பி அப்பாவியாகக் கேட்டுவிட்டான்.

"நான் சிரிக்கவில்லை. நகை என்மீது நிகழ்ந்தது" என்றார் புலவர்.

தீர்ப்பு அன்றே சொல்லப்பட்டது. பேய் நாற்காலி கேட்கும் காட்சி, பேய் வாட்ச்மேனோடு பேசும் காட்சி, பேய் தலைமுடியைக் கழற்றிக் கொடுக்கும் காட்சி, மூன்றையும் எடுத்துவிட்டால் அடுத்த வாரமே சான்று.

அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் படத்தில் ஒன்றுமே இல்லை என்பது தம்பிக்குத் தெரியும்.

அக்காவுக்கு நடிப்பு தொழில் கிடையாது. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எந்த வண்டி இன்று வராது என்று ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. முதல் பாகம் எடுத்தபோது, பேயாக நடிக்க வந்த நடிகை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்க மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட, தம்பி அக்காவைக் கூட்டி வந்தான். அடுக்குமாடிக் கட்டடத்தின் தொட்டியில் விழுந்து செத்த பெண், சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு படியேறி வந்து, ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுவதுதான் கதை. அக்கா தன் பேருந்து நிலையக் குரலிலேயே, ஏற்ற இறக்கம் இல்லாமல், "அடுத்தது நீங்கள்" என்றாள். தியேட்டர்கள் அலறின.

இரண்டாம் பாகம் அப்படி அமையவில்லை. ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், அது நல்ல படம் இல்லை. முதல் பாகத்தில் செத்துப்போன வாட்ச்மேன் இரண்டாம் பாகத்தில் அதே மீசையோடு வந்து நிற்கிறார். அதை நடித்தவர் சொன்ன நேரத்துக்கு வருவார் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை. மேல் மாடியில் தொடங்குகிற ஒரு துரத்தல் கார் நிறுத்துமிடத்தில் முடிகிறது; நடுவில் ஒருவரும் கீழே இறங்கவில்லை. இதெல்லாம் போதாதென்று, படம் பாதி முடிந்திருந்தபோது அக்கா நோயில் விழுந்தாள். பல மாதம் வேலை நின்றது. திரும்பத் தொடங்கியபோது அவள் உடம்பு பாதியாக இருந்தது. மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. தண்ணீரில் நனையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நனையாத ஈரப்பேயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தம்பி படத்தைக் கைவிட்டுவிடலாம் என்றான். அக்காதான் விடவில்லை.

"பேய் காஞ்சு போயிருந்தா என்னடா? மோட்டார் ரிப்பேரு, தொட்டியில தண்ணி இல்லன்னு சொல்லிக்கறேன்" என்றாள்.

அதையே கேமராவுக்கு முன்னாலும் சொன்னாள். படியேற நிஜமாகவே மூச்சு வாங்கியது. கொல்ல வந்த வீட்டின் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "முதல்ல ஒரு நாற்காலி போடுங்க. இந்த லிஃப்டை என்னைக்குத்தான் சரி பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்த வசனம் அது இல்லை. எதிரில் நடித்தவர் பதறிப்போய் நாற்காலி போட்டார். செத்த வாட்ச்மேனைப் பார்த்து, "உன்னைப் போன தடவையே கொன்னேனேய்யா?" என்றாள். அவரும் சளைக்காமல், "ஆமாம்மா. மாத்து ஆள் வரல" என்றார். கடைசியில் ஒருவன் கழுத்தை நெரிக்கக் கை நீட்டும்போது விக் ஒரு பக்கமாக நழுவியது. அக்கா அதைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்து, "கொஞ்சம் பிடி. எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள். வழுக்கைத் தலையும் குழிவிழுந்த கண்ணுமாக அவள் நின்றதைப் பார்த்து அங்கே இருந்த ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு லைட்காரர் ஒருவர் சிரித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. 'கட்' சொல்ல வேண்டும் என்பதே தம்பிக்கு மறந்துவிட்டது.

வாரியத்திலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனான். மாமா பூட்டுச் சாவிக் கடை வைத்திருப்பவர். அவள் படுத்ததிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தார். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தார்கள்.

"என்னடா மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? பேயைப் பார்த்தியா?" என்றாள் அக்கா.

"சிரிச்சாங்கக்கா."

"அடி சக்கை! அப்புறம் என்ன?"

"அதான் தப்பாம்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். 'நகை என்மீது நிகழ்ந்தது' என்ற இடத்தில் அக்கா சிரித்து, சிரிப்பு இருமலாகி, மாமா ஓடி வந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"தூக்கிடறேன்க்கா" என்றான் தம்பி. "அந்த மூணையும் எடுத்துட்டா உடனே சான்று கிடைக்கும். படம் வெளிய வந்துரும். நீ தியேட்டர்ல உட்கார்ந்து பார்த்துடலாம்."

தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் மாமாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். எதை என்று மாமா கேட்கவில்லை. எதையுமே என்றுதான் அர்த்தம்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போன படத்துக்கு தியேட்டர் போனேன்ல? நான் திரையைப் பார்க்கவே இல்லடா, ஜனங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நான் வர்றப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டாங்க. அவ்வளவு குளிர்ல தொட்டிக்குள்ள இறங்கினேன், ஒருத்தர் என்னைப் பார்க்கல. சிரிக்கறவன் கண்ணை மூட மாட்டான். இந்தத் தடவையாவது பார்க்கட்டுமே."

"வாரியம் விடாதுக்கா."

"நீ விட்டுடாத."

தம்பி மறுபடியும் வாரியத்துக்குப் போய், எதையும் எடுக்க முடியாது என்றான். இப்படி ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லாததால், படத்தை மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று. அதற்குள் உறுப்பினர்களிடம் முதல் நாள் சிரிப்புக்கு விளக்கம் கேட்கப்பட்டிருந்தது. அம்மையார் தன் வீட்டு ஞாபகம் வந்து சிரித்ததாகச் சொல்லியிருந்தார். இனி இப்படி நேராமல் இருக்கத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேய் திரையில் இருக்கும் நேரம் முழுக்க ஒவ்வோர் உறுப்பினரும் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை அடக்கி வைத்திருக்க வேண்டும். விழுங்கக் கூடாது.

இந்த முறை வராந்தாவில் தம்பிக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. படம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அவன் நம்பிக்கை இழந்துபோன நேரத்தில், உள்ளே குழாய் வெடித்தது போல ஒரு சத்தம் வந்தது. கதவு திறந்தது. புலவர் முதுகு தெப்பலாக நனைந்து வெளியே வந்தார். பின்னாலேயே அம்மையார், "மன்னிச்சிடுங்க ஐயா, 'மாத்து ஆள் வரல'ன்னு சொன்னப்ப..." என்று சொல்லவந்து, முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

தலைவர் சிரிக்கவில்லை. இருமவும் இல்லை. அவர் வேறொன்றைக் கவனித்திருந்தார்.

"அந்த வழுக்கைத் தலைக் காட்சிக்கு யார் ஒப்பனை?" என்று தம்பியிடம் கேட்டார்.

"ஒப்பனை இல்ல சார்."

"ஒப்பனை இல்லாம ஒரு ஆள் எப்படி அந்த மாதிரி இருக்க முடியும்?"

"உடம்பு சரியில்ல சார் அவங்களுக்கு."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குரலைத் தாழ்த்தி, "பதினேழாவது விதி சார். இறந்தவர்களை அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் படம்பிடிக்கக் கூடாது" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தம்பி சிரித்தான். அவர்கள் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நேர்ல பார்க்கணும்" என்றார் தலைவர்.

ஒரு மத்தியானம் வாரியம் அக்காவின் வீட்டுக்கு வந்தது. முன்னால் செயலாளர், பின்னால் புலவர், அவருக்குப் பின்னால் அம்மையார், எல்லோருக்கும் பின்னால் தலைவர். படுக்கையறை சின்னது. மற்றவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தலைவர் வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்க சார். ஒட்டிக்கற வியாதி இல்ல" என்றாள் அக்கா. தலையில் துணிகூடக் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு, "ஆய்வுக்கு வர்றாங்கடா, மறைச்சா குத்தமாயிடும்" என்றிருந்தாள்.

"இங்கயே வசதியா இருக்கு" என்றார் தலைவர்.

செயலாளர் ஆரம்பித்தார். "படத்துல பேயா வர்றது நீங்கதானா?"

"நான்தாங்க."

"நீங்க உயிரோட இருக்கீங்களா?"

தம்பிக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. மாமா அவன் தோளில் கை வைத்தார்.

அக்கா கேள்வியை நிதானமாக யோசித்தாள். "இப்போதைக்கு" என்றாள்.

"இப்போதைக்குன்னு எழுத முடியாதும்மா. இருக்கீங்க, இல்ல, ரெண்டுல ஒண்ணுதான் எழுதணும்."

"அப்ப இருக்கேன்னு எழுதிக்கோங்க. எனக்கும் யாராவது அப்படி எழுதிக் குடுத்தா நல்லாத்தான் இருக்கும். டாக்டரைக் கேட்டா மழுப்புறாரு."

அம்மையார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அது சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

புலவர் கேட்டார்: "அந்தக் காட்சியில் தாங்கள் உண்டாக்க நினைத்தது நகையா, அச்சமா?"

"ஐயா, முடி கொட்ட ஆரம்பிச்சப்ப சீப்பைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. ஒரு நாள் இவரு" – மாமாவைக் காட்டினாள் – "வழுக்கைத் தலைக்குச் சீப்பு தேடிக்கிட்டிருந்தாரு, பழக்க தோஷத்துல. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே சிரிச்சோம். அது எதுல சேரும்னு நீங்கதான் சொல்லணும்."

புலவர், வீட்டுக்குப் போய் நூல்களைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

"சரி, கேட்டு முடிச்சாச்சா?" அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற தலைவரைப் பார்த்தாள். அவர் மட்டும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து நிலையப் பழக்கத்தில், ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில், "அடுத்தது நீங்கள்" என்றாள்.

தலைவரின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. கதவு நிலையைப் பிடித்தார். பிடித்த கை வழுக்கியது. பட்டப்பகலில், ஜன்னல் வழியே வெயில் அடித்துக்கொண்டிருந்த அறையில், அந்த மனிதர் வெளிப்படையாக நடுங்கினார். "நான்... எனக்குக் கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குப் படியிறங்கிப் போய்விட்டார். செயலாளரும் புலவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

அம்மையார் மட்டும் தங்கினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எந்த இடத்துல சிரிச்சீங்க?" என்று அக்கா ரகசியம் போலக் கேட்டாள்.

"சொல்லக் கூடாது. விதி."

"சும்மா சொல்லுங்க."

"நாற்காலி கேட்டப்பதான் முதல்ல. எங்க வீட்டு லிஃப்டும் அப்படித்தான். அப்புறம் நிறுத்தவே முடியல." அம்மையார் பிடித்திருந்த கையைத் தடவினார். "முடியைக் கழட்டினப்ப சிரிச்சேன். வீட்டுக்குப் போயி அழுதேன்."

"கண்ணை மூடலையே?"

"எதுக்கு மூடணும்? உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

அக்கா சாயங்காலம் வரை ஜன்னலைப் பார்த்துச் சிரித்த முகமாகப் படுத்திருந்தாள்.

சான்று வந்தது. எந்தக் காட்சியையும் எடுக்கத் தேவையில்லை. அச்சம் நேரடி ஆய்வில் ஐயத்துக்கு இடமின்றி உறுதியானதாகவும், நகைக்கு வாரியம் பொறுப்பல்ல என்றும் அதில் இருந்தது. கூடவே ஒரு நிபந்தனை. பேய் திரையில் வரும் ஒவ்வொரு முறையும் கீழே ஒரு வரி ஓட வேண்டும்: 'இதில் பேயாகத் தோன்றுபவர் உயிருடன் உள்ளார் என்பதை வாரியம் நேரில் கண்டு உறுதி செய்துள்ளது.'

தம்பி அதைப் படித்துக் காட்டியபோது அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "படத்துலயே நல்ல வசனம் இதுதான்டா. எழுதினவர் பேரை டைட்டில்ல போடு."

போஸ்டர் ஒட்டத் தொடங்கிய வாரத்தில் அக்கா போய்விட்டாள். காலையில் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். மாமா திறந்துவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான்.

தம்பிக்குப் படத்தை வெளியிடவே மனமில்லை. மாமாதான், அவள் கேட்டது அது ஒன்றுதான் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டவனுக்கு அந்த வரி மட்டும் முள்ளாகக் குத்தியது. அக்காவின் முகத்துக்குக் கீழே அதை எப்படி ஓடவிடுவது? வாரியத்துக்குப் போனான். 'உட்காருங்க' என்றார்கள். நின்றான்.

"அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாம் சார். அவங்க இறந்துட்டாங்க. இப்ப அது பொய்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாரியம் பொய் சொல்லாது. நாங்க பார்த்தப்ப உயிரோட இருந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க எடுத்த முடிவுக்கு வாரியம் எப்படிப் பொறுப்பாகும்? ஒரு எடைக்கல்லுக்கு முத்திரை வெச்சுட்டோம்னா அது தேய்ஞ்சு போனாலும் அதே எடைதான். இல்லன்னா முத்திரைக்கு என்ன மரியாதை? நாளைக்கு ஒவ்வொருத்தரா செத்துட்டு வந்து நின்னா நாங்க எத்தனை சான்றை மாத்தறது?"

"மாத்தறதுக்கு வழி இருக்கு சார்" என்றார் செயலாளர், உதவும் எண்ணத்தோடுதான். "சம்பந்தப்பட்டவங்க நேர்ல ஆஜராகி, நிலைமை மாறிடுச்சுன்னு சொல்லணும்."

"செத்தவங்க எப்படி சார் வருவாங்க?"

"அதெல்லாம் உங்க படத்துல வர்றாங்களே."

அம்மையார் வெறுப்போடு செயலாளரைப் பார்த்தார். ஆனால் தலைவரின் கை மேசையில் எதையோ தேடியது, குரல் உடைந்தது.

"வேண்டாம், வேண்டாம். அவங்க வர வேண்டாம். வரச் சொல்லிடாதீங்க தம்பி. வரி அப்படியே இருக்கட்டும். உயிரோட இருக்காங்கன்னே இருக்கட்டும்."

அந்த வாரியத்தில் அவனைத் தம்பி என்று யாரும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கேயோ வடிந்துவிட்டது. வெளியே வந்தான்.

படம் வெளியானது. கதையில் ஓட்டை என்று பத்திரிகைகள் எழுதின, எந்தெந்த ஓட்டை என்றும் எழுதின, எல்லாம் உண்மைதான். ஆனாலும் போய்ப் பாருங்கள், இந்தப் பேய்க்காகப் போய்ப் பாருங்கள் என்று முடித்திருந்தன. தம்பியும் மாமாவும் பகல் காட்சிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் கையில் பாப்கார்ன் பொட்டலத்தோடு ஒரு நடுவயதுப் பெண். வேலையிலிருந்து அப்படியே வந்தவர் போலக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

அக்கா படியேறி வந்தாள். கீழே வரி ஓடியது. படத்தோடு சேர்ந்த நகைச்சுவை என்று நினைத்து அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒவ்வொரு முறை அவள் வந்தபோதும், ஒவ்வொரு முறை அந்த வரி வந்தபோதும் சிரித்தது. விக்கைக் கழற்றிக் கொடுத்தபோது மட்டும் சிரிப்பு நின்று, எல்லோரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பிறகு சிரிப்பு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. தம்பி திரையைப் பார்க்கவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்குத்தான் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

மாமா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, கடைவாசலில் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் போலக் கடைசி வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு போட்டார்கள். பக்கத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினார்.

"என்ன ஒரு ஆளுங்க இந்தப் பொம்பளை! வயிறே வலிக்குது. மூணாவது பாகம் எடுப்பாங்கல்ல?"

தம்பி பதறிப்போய் மாமாவின் கையைப் பிடித்தான். மாமா கொஞ்சம் யோசித்தார்.

"அவளைத்தாம்மா கேக்கணும்" என்றார்.